நிழலுக்குக் கட்டிய கூரை

எல்லாம் உன் வேலைதான், இல்லேன்னு சொல்லு பாப்போம், முப்பது வருசத்துக்கு முன்னாடி வைகாசி மாசத்துல, காக்கா குருவிகூட தண்ணிக்கு அலையற நேரத்துல, கிளியனூர் கல்யாணப் பந்தலைத் தேடி வந்து ஊத்துனது நீதானே, அன்னிக்கு என் கன்னத்துல வுழுந்த அறைக்கு இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னியா, இப்ப மறுபடியும் கடல் பக்கமா கருப்பு கட்டிக்கிட்டு வந்து நிக்கிற, உனக்கு வெக்கமா இல்ல? என்று கேட்டாள் பூங்காவனம். வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, வாயில் கயிறு இருந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில், சிப்போரா டீச்சர் வீட்டு மொட்டை மாடியில், மூங்கில் ஏணியின் ஏழாவது படியில் நின்று, ஒரு கையால் சவுக்குக் கழியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தான் கட்டிய கூரையைத் தானே பிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்து பந்தல் பிரிப்பது வேறு, அது சாப்பிட்ட இலையை எடுப்பது மாதிரி. கட்டி முடித்த அன்றைக்கே, ஒரு ஆள் உட்காருவதற்கு முன்னால் பிரிப்பது பரிமாறிய இலையை எடுப்பது. இந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்பதில் வேறு ஒரு சிக்கல். அவள் ஊர் பொம்மையார்பாளையத்தில் எந்தச் சாமியோடும் பேர் சொல்லிச் சண்டை போட்டுத்தான் அவளுக்குப் பழக்கம். மாரியம்மாவோடு மூன்று வருடம் பேசாமல்கூட இருந்திருக்கிறாள். இந்த வீட்டுச் சாமிக்கோ பேரே இல்லை. இருக்கிறதாம், வாயால் சொல்லக்கூடாதாம். யூதர் வீட்டில் பிறந்து எழுபத்தாறு வயது ஆன டீச்சரே "அவர்" என்று விரலை மேலே காட்டுவதோடு சரி. பேர் சொல்லாத ஆளை எப்படிக் கூப்பிட்டு நியாயம் கேட்பது, சந்தையில் என்றால் யோவ் என்று ஒரு சத்தம் போட்டால் நாலு பேர் திரும்புவார்கள், அதில் திருட்டு முழி முழிப்பவன் எவனோ அவன்தான் ஆள். யோவ், என்றாள் மேலே பார்த்து, கயிற்றைக் கடித்தபடி. மேகம் திரும்பவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கே கூரை முடிந்துவிட்டது. முடைந்த கீற்று, மூன்று அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று முக்கால் வாசி ஏறி உட்காரும்படி, கயிறு ஒவ்வொரு முடிச்சும் தண்ணீரில் நனைத்துக் கட்டியது. வழக்கம்போல ஏழு குடம் தண்ணீரைத் தூக்கி மேலே ஊற்றிக் காட்டினாள். பூங்காவனம் பந்தல் என்றால் இந்த ஏழு குடம்தான். புதுச்சேரி, வானூர், மரக்காணம் வரைக்கும் அதற்குத்தான் பேர், ஒரு சொட்டு இறங்கினால் பந்தல் இலவசம் என்பாள், இதுவரை எவனுக்கும் இலவசம் கிடைத்ததில்லை. இன்றைக்கும் இறங்கவில்லை. டீச்சர் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி, உள்ளே நின்று மேலே பார்த்தார். பாராட்டு வரும் என்று பூங்காவனம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். "பூங்காவனம், எனக்கு வானம் தெரியல்லையே" என்றார் டீச்சர். கொச்சியில் பிறந்த தமிழ், நாற்பது வருடம் பாண்டிச்சேரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் அந்த இழுப்பு போகவில்லை. "வானம் எதுக்குங்கம்மா தெரியணும், கூரை கட்டியிருக்கில்ல?" "நட்சத்திரம் தெரியணும். இது கூடாரப் பண்டிகை ஆச்சே. ஏழு நாள் வீட்டை விட்டு வந்து இதுலதான் சாப்பிடணும். மேலே இலைதான் இருக்கணும், மழை பெய்தா உள்ளே வரணும்." ஏணிக்குக் கீழே கீற்று எடுத்துக்கொடுக்கிற காத்தவராயன் களுக்கென்று சிரித்தான். இருபத்தைந்து வருடமாகக் கூட இருப்பவன், அடி வாங்காத இடமில்லை, இருந்தும் சிரிப்பான். "காசு குடுத்து ஒழுகுற கூரை கேக்குறீங்களாம்மா?" என்றாள் பூங்காவனம். "ஒழுகணும்னு இல்லே, ஒழுகக்கூடியதா இருக்கணும்." "ரெண்டும் ஒண்ணுதானே!" "இல்லே மோளே, ரெண்டும் ஒண்ணில்லே." அதற்கு மேல்தான் டீச்சர் அந்தக் குண்டைப் போட்டார். கூடாரத்தை யார் கட்டினாலும் செல்லுமாம், எந்த மதம் எந்த சாதி என்று கேள்வி இல்லையாம், ஆனால் நிழலுக்காகக் கட்டியிருக்க வேண்டுமாம். மழைக்காகக் கட்டினால் அது வீடு, கூடாரம் ஆகாது. "நான் இன்னா நெனச்சிக் கட்டுனேன்னு எவனுக்குத் தெரியும்?" டீச்சர் விரலை மேலே காட்டினார். "சூரியன் விழறதுக்குள்ளே பிரிச்சுக் கட்டணும். அதுக்கப்புறம் பண்டிகை தொடங்கிடும், எந்த வேலையும் கூடாதுன்னு எங்க ஆளு கையைக் கட்டிக்கச் சொல்லியிருக்கார். கட்டும்போது நிழல், நிழல்னு நினைச்சுக்கோ." என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கோழிச் சாறு இருப்பது ஞாபகம் வந்தவராக இறங்கிப் போனார்.

நிழல். சரி, நிழல். இதில் என்ன பெரிய வித்தை, நினைத்தால் போயிற்று. முடைந்த கீற்றை எல்லாம் உருவிக் கீழே போட்டு, முடையாத பச்சை மட்டையை இடைவெளி விட்டுக் குறுக்கே பரப்பி, நிழல் என்று நினைத்துக்கொண்டு முதல் முடிச்சைப் போட்டாள், முடிச்சு இறுகும்போதே இந்த இடைவெளியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துவிட்டாள். அவிழ்த்தாள். நிழல். மறுபடி போட்டாள், விரல் தானாக ஓலை நரம்பைக் கீழ்ப்பக்கம் திருப்பி வைத்தது, எதற்கு, தண்ணீர் நரம்போடு வழிந்து ஓரத்துக்குப் போகத்தான். சனியனே, என்று தன் விரலையே திட்டினாள். "யக்கா, யாரைத் திட்டுற?" என்றான் காத்தவராயன். "உன்னதான்டா." "நா இன்னா பண்ணேன்?" "மழையப் பத்தி நெனைக்காம ஒரு முடிச்சு போடு பாப்போம்." அவன் யோசித்தான். "நீ சொன்னதும் மழைதான்க்கா ஞாபகம் வருது." மணி நாலேகால். கடலுக்கு மேலே கருப்பு ஒரு முழம் ஏறியிருந்தது. ஐந்தே முக்காலுக்குச் சூரியன் விழும். இந்த வீட்டுக்காரர்களோடு சேர்ந்து ஒரு வருடமாக அவளுக்கும் எல்லாம் இப்படித்தான், பொழுது விழுவதற்குள், பொழுது விழுவதற்குள். போன கார்த்திகையில் கொல்லைப்புறச் சார்ப்புப் போட வந்தவள், எட்டு நாள் ஒவ்வொரு விளக்காகக் கூட்டி ஏற்றுவதைப் பார்த்து, ஏம்மா ஒரே நாளில் எட்டையும் ஏற்றித் தொலைத்தால் என்ன என்று கேட்டுவிட்டு, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு அடையைப் பதினொன்று தின்றாள். மாசியில் ஒரு நாள் டீச்சர் போலீஸ் தொப்பி போட்டுக் கதவைத் திறந்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள், அன்றைக்கு வேஷம் போடும் பண்டிகையாம், ஒரு கெட்ட மந்திரி பேர் வரும்போதெல்லாம் காலால் தரையை உதைத்துச் சத்தம் போடணுமாம், அதில் அவளைப்போல் யாரும் உதைக்கவில்லை, கிளியனூரில் தன்னை அறைந்தவனை நினைத்து உதைத்தாள். பங்குனியில்தான் வேடிக்கை. எட்டு நாள் வீட்டில் புளித்த மாவு, கோதுமை, ரவை எதுவும் அவர்கள் சொத்தாக இருக்கக்கூடாதாம், அதற்காக எல்லாவற்றையும் பூங்காவனத்துக்கே விற்று, கையெழுத்து வாங்கி, அலமாரிச் சாவியையும் கொடுத்தார்கள். நெசமாவே என்னுதா? நெசமா உன்னுது. மூன்றாம் நாள் வந்து சாவியைப் போட்டுத் திறந்து தன் சேமியா பாக்கெட்டை எடுத்துக்கொண்டாள், வீட்டில் பாயசம் வைக்கணும். டீச்சர் முகம் வெளுத்துப்போய், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், சரி என்று சொல்லவும் முடியாமல் நின்றார். அவர் வீட்டுக்காரர் எலியாஸ் ஐயாவுக்கு நாற்காலியில் இருந்தபடி சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. "விட்டுடு சிப்போரா, இத்தனை வருஷத்துலே நம்ம விற்பனையை நிஜம்னு நம்பின ஒரே ஆள் இவள்தான்" என்றார்.

அந்த எலியாஸ் ஐயாதான் போன வாரம் பொம்மையார்பாளையத்துக்கு ஆட்டோ வைத்து வந்தார், எண்பத்தொரு வயதில், நெஞ்சுச் சளியோடு. காலணிக் கடை வைத்திருந்தவர், காலில் வெறும் ரப்பர் செருப்பு. பந்தல் பேரம் பேசின அன்றைக்கு அவளைக் கொள்ளைக்காரி என்று சொல்லிவிட்டாராம், நாளைக்கு அவர்களுடைய பெரிய விரதமாம், இருபத்தைந்து மணி நேரம் பச்சைத்தண்ணீர் கிடையாதாம், மேலே இருப்பவருக்குச் செய்த தப்பை அவர் மன்னிப்பாராம், ஆளுக்கு ஆள் செய்ததை அந்த ஆளிடமே போய்க் கேட்டு வாங்கணுமாம். "அட போங்கய்யா, நா உங்கள அதவிட மோசமா பேசினேன்." "அது உன் கணக்கு. எனக்கு நீ வாயைத் திறந்து சொல்லணும்." "மறந்துட்டேன்யா." "மறந்தா போதாது. மூணு தடவை கேட்பேன், அதுக்கும் மேலே நீ சொல்லாட்டி பாவம் உன்னோடது." மூன்றாவது தடவையும் கேட்டார். சரிங்கய்யா, மன்னிச்சேன், என்று சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய் முறத்தை எடுத்து வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அவளிடம் அதுவரை ஒரு ஆண்பிள்ளை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டதில்லை. கிளியனூர்க்காரன் கேட்டானா. அவள் தனியாக எடுத்த முதல் பந்தல் அது. வைகாசி, மழை எங்கே வரப்போகிறது என்று ஒரே அடுக்குக் கீற்று. தாலி எடுத்துக் கொடுக்கிற நேரத்தில் இடி. பழைய கீற்றுத் தண்ணீர் டீத்தண்ணி நிறம், பெண்ணின் மாம்பழக் கலர்ப் புடவையில் தோளிலிருந்து மடி வரைக்கும் பழுப்புக் கோடு. பெண்ணின் தாய்மாமன் இருநூறு பேர் நடுவில் வந்து அவளை அறைந்தான், கை வெளங்காதவளே என்றான், அவளுக்கு இருபத்திரண்டு வயது. நாயனக்காரர்கள் ஊதுவதை நிறுத்தினார்கள். அந்தப் பெண், பேர்கூடத் தெரியாது, மாமா விடுங்க என்று சொன்னது மட்டும் ஞாபகம். நிழல், நிழல். இதோ பார், நாலு முடிச்சில் மூன்று முடிச்சு மழையோடு கட்டியிருக்கிறேன். பிரி.

தார்ப்பாய் கொண்டு வந்திருக்கிறாள். டீச்சருக்குத் தெரியாது, காத்தவராயனுக்குத் தெரியும். மாடிச் சுவரின் ஓரமாகச் சுருட்டி, கயிறு மட்டும் கூரை மேல் கம்பில் சுற்றி, ஒரே இழுப்பில் மேலே விரிகிற மாதிரி. பெரியவர் நனையக்கூடாது, அவ்வளவுதான், அவருக்கு நெஞ்சு சரியில்லை. அவ்வளவுதானா. முந்தாநாள் கழி நடும்போது எலியாஸ் ஐயா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னது மண்டைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வேலைக்காரன் எஜமானுக்குக் குடிக்கக் கலந்து கொண்டுபோனானாம், எஜமான் அதை வாங்கி அவன் மூஞ்சியிலேயே ஊற்றினானாம், கூடாரப் பண்டிகையில் மழை பெய்தால் அப்படித்தான் அர்த்தம் என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களாம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் பண்டிகைக்கு எர்ணாகுளம் போய்க் கடைசியாகக் கூடாரம் போட்டார்கள், முதல் ராத்திரி ரொட்டியைக் கையில் எடுக்கும்போதே கொட்டியது, ஏழு நாளும் கொட்டியது. அதற்குப் பிறகு இடமில்லை என்று சொல்லிக்கொண்டார், இடமில்லாமல் இல்லை, பயம். "இந்தத் தடவையும் ஊத்தினாருன்னா, சரி, வேண்டாம்கிறார்னு எடுத்துக்குவேன். இனி போடமாட்டேன்" என்றார், சாதாரணமாக, காய்கறி விலை சொல்வது போல. மூஞ்சியில் வாங்குவது எப்படி இருக்கும் என்று பூங்காவனத்துக்குச் சொல்லித்தர வேண்டாம். இந்த மனுசன வேண்டாம்னு சொல்றதுக்கு மேல இருக்கறவரு யாரு, அந்த எஜமான்கிட்ட நா பேசறேன்யா என்று சொல்லி வைத்தாள். இப்போது பேசிக்கொண்டுதான் இருக்கிறாள், பதில்தான் இல்லை. மணி ஐந்து. கருப்பு இரண்டு முழம். கையில் பச்சை மட்டை கனத்தது. "யக்கா, தலைக்கு மேல தூக்கிக் குடுக்கறேன், புடி" என்று காத்தவராயன் கட்டோடு நீட்டினான், அவள் குனிந்து வாங்கும்போது கட்டின் நிழல் அவள் முகத்தில் விழுந்தது.

அட. இதுதானே. பதினெட்டு வயதில் பொம்மையார்பாளையத்திலிருந்து பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட் வரைக்கும் தலையில் இருபத்தைந்து கீற்று, சித்திரை வெயில், தார் ரோடு, காலில் ஒன்றும் இல்லை. கூட வருகிற பெண்கள் எல்லாம் கனம், கனம் என்று புலம்புவார்கள். அவள் மட்டும் புலம்பமாட்டாள். கீற்று முன்னாலும் பின்னாலும் மூன்று முழம் நீண்டு தொங்கும், நடக்க நடக்க ஆடும், அவளுக்கென்று ஒரு துண்டு நிழல் ரோட்டில் கூடவே வரும், பஸ்ஸில் போகிறவனுக்குக்கூட அந்த நிழல் கிடையாது. விற்றுவிட்டால் நிழல் போய்விடும், திரும்பி வருவது வெறுந்தலையோடு. அதனால்தான் பேரம் பேசப் பழகினாள், ஐந்து பைசாவுக்காக இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் தலையில் வைத்திருக்கத்தான், இறக்கி வைடி என்று கடைக்காரன் கத்துவான், விலையைச் சொல்லு அப்பறம் எறக்குறேன் என்று கொளுத்தும் வெயிலில் தன் கூரைக்குக் கீழே தானே நின்றுகொண்டு கேட்பாள். அவள் போட்ட முதல் கூரை அதுதான். அதில் தண்ணீரே ஊற்றிப் பார்த்ததில்லை. முடிச்சு விழுந்துகொண்டிருந்தது. விரல் நரம்பை எந்தப் பக்கம் திருப்பிற்று என்று அவள் பார்க்கவில்லை. ஒரு மட்டை, ஒரு சாண் இடைவெளி, ஒரு மட்டை. ரோடு, நிழல், கால். ஆட்டம் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது, ஆடுகிற நிழலில்தான் காற்று வரும். "யக்கா, பாட்டா பாடுற?" "வாய மூடிக்கிட்டுக் குடுடா." கடைசி மட்டை ஏறியபோது மேற்கே சூரியன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாதி இறங்கியிருந்தது. டீச்சர் வந்து உள்ளே நின்று மேலே பார்த்தார். தரை முழுக்கக் கோடு கோடாக வெளிச்சம், அவர் வெள்ளைத் தலையிலும் கோடு. "நிழலை நினைச்சியா?" "நெனச்சேன்." "நிஜமா?" "உங்க ஆளையே கேட்டுக்குங்க" என்றாள் பூங்காவனம், விரலை மேலே காட்டி.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று உட்கார வைத்துவிட்டார்கள், முதல் ராத்திரிக்கு விருந்தாளி வேண்டுமாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆதிகாலத்துப் பெரியவர் வேறு வந்திருக்கிறாராம், அவருக்கு ஒரு நாற்காலி காலி. காத்தவராயன் அதில் உட்காரப் போய் திட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பௌர்ணமி. நிலா கருப்புக்கு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. எலியாஸ் ஐயா வெள்ளைச் சட்டையில், மேலே பார்த்து, ஒன்று, என்றார். மட்டைக்கு நடுவே ஒரு நட்சத்திரம், மூன்று தெரிந்தால்தான் ராத்திரி ஆரம்பமாம். இரண்டு. மூன்றாவதுக்குக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது, அவள்தான் கண்டுபிடித்தாள், தென்கிழக்கு மூலையில், அவள் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய முதல் முடிச்சுக்குப் பக்கத்தில். அவர் திராட்சை ரசக் குவளையை எடுத்தார். பாட்டு மாதிரி நீளமாக என்னவோ சொன்னார், ஐயா சீக்கிரம், ஐயா சீக்கிரம், என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், காற்று திரும்பியிருந்தது, கடல் வாடை போய் மண் வாடை வந்திருந்தது, இது அவளுக்குத் தெரியும், அரை மணி நேரம்கூட இல்லை. குவளையைக் குடித்தார், கை கழுவினார், ரொட்டியை மூடியிருந்த துணியை எடுத்தார். அப்போது டொப்பென்று ஒரு சொட்டு. மேஜைத் துணியின் நடுவில், கட்டை விரல் அகலத்துக்கு. அவர் ரொட்டியைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார். மேலே பார்க்கவில்லை. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும், அறை விழுவதற்கு முன்னால் இருக்கிற முகம். தார்ப்பாய்க் கயிறு அவள் காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காத்தவராயன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இழுக்கட்டா என்று கண்ணால் கேட்டான். இழுத்தால் சொட்டு நிற்கும், கூடாரமும் கூடாரமாக இல்லாமல் போகும், அவர் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டதாக ஆகும். அவள் காலால் கயிற்றைத் தள்ளிவிட்டு எழுந்தாள். வாயில் இப்போது கயிறு இல்லை.

"யோவ்," என்றாள் மேலே பார்த்து, பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. "பேர் சொல்லக்கூடாதாமே, நா சொல்லல, உனக்கே தெரியும் யாரைக் கேக்கறேன்னு. இந்தக் கூரையில ஒரு முடிச்சுகூட உனக்கு எதுராக் கட்டல, தொறந்து வுட்டிருக்கேன், வேணும்னா வரலாம்னு தொறந்து வுட்டிருக்கேன், தொறந்த வூட்டுல கல்லெறியறவன் நல்ல ஆளா? ஏழு நாள் கேக்கணும், கேக்கல. சரி, இன்னிக்கு ஒரு ராத்திரி. முடியாதா? சாறு குடிச்சு முடிக்கிற வரைக்கும், அதுவும் முடியாதா? இந்தா பார், உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ஒரு சின்ன நெல்லிக்கா அளவு ரொட்டி உள்ள போனாப் போதும்னு டீச்சரம்மா சொன்னாங்க, அதான் உன் சட்டமாம், அதுக்கும் கீழ எறங்கமாட்டேன். அந்த நெல்லிக்கா அளவ இவரு மென்னு முழுங்கட்டும், அப்பறம் குடம் குடமா ஊத்து, நானே மொட்டை மாடியில நின்னு நனையறேன்." எலியாஸ் ஐயாவின் தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பார்த்தால் சிரிப்பு, சேமியா நாள் சிரிப்பு, இருமலோடு, சிரித்துக்கொண்டே கை நீண்டு ரொட்டியைப் பிடித்துவிட்டது. இரண்டாவது சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. "ஐயா, நீங்க பிய்யுங்க, நா பேசிக்கிட்டிருக்கேன்ல. இன்னா பாக்கற மேலருந்து? கிளியனூர்ல பண்ணத இப்ப சரி பண்ணு. வாசல்ல வந்து நிக்க வேணாம், மூணு தடவ கேக்க வேணாம், நா ஒரே தடவயில மன்னிச்சிடறேன். அவரு பிச்சிட்டாரு, வாய்க்குக் கொண்டு போறாரு. பிடி. மழைய அப்படியே பிடி. பிடின்னு சொல்றேன்ல!"